கையெழுத்துத் தாளைக் கொடுத்துவிட்டுப் போனவர்

மொழிக்கழகத் தம்பி ஒருவர் சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தார். இவ்வாண்டு மலருக்கு, முன்னாள் மாணவர் என்ற முறையில், நான் மதிக்கும் ஒருவரின் வாழ்க்கையைக் கட்டுரையாக எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். உரிமையோடு அண்ணன் என்று அழைத்துக் கேட்பவரிடம் மறுப்புச் சொல்ல முடியவில்லை. தமிழறிஞர் ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அறிஞர்களைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் கழகத்தில் பலர் உள்ளனர். நான் எழுத விரும்பியது ஓர் உடற்பயிற்சி ஆசிரியரைப் பற்றி. அவர் பெயர் வில்லியம் ஜி. மோர்கன். கைப்பந்தாட்டத்தை உலகுக்குத் தந்தவர் அவரே.

ஏன் இவர் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை சொல்ல வேண்டுமானால், நம் விடுதித் திடலில் நான் செய்த ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். அதை இறுதியில் சொல்கிறேன். முதலில் மோர்கனின் கதையைக் கேளுங்கள்.

இளமையும் கல்வியும்

மோர்கன் 1870-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள லோக்போர்ட் என்னும் ஊரில் பிறந்தார். ஈரி கால்வாய் ஓடும் ஊர் அது. பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நோர்த்பீல்ட் பகுதியில் வளர்ந்தார். அங்கிருந்த மவுண்ட் ஹெர்மன் பள்ளியில் படித்தபோதுதான் அவருடைய வாழ்க்கையின் போக்கை மாற்றிய சந்திப்பு நிகழ்ந்தது. ஜேம்ஸ் நைஸ்மித் என்பவரை அங்கு அவர் அறிந்துகொண்டார். 1891-இல் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியவர் இந்த நைஸ்மித்தான். உடற்கல்வித் துறைக்கு வருமாறு மோர்கனை அவர் ஊக்குவித்தார்.

அந்த ஊக்கத்தால் மோர்கன் ஸ்பிரிங்பீல்டில் இயங்கிய ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து 1894-இல் தேர்ச்சி பெற்றார். முதலில் மெய்ன் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் வேலை பார்த்தார். அடுத்து ஹோல்யோக் நகரின் ஒய்.எம்.சி.ஏ.வுக்கு உடற்கல்வி இயக்குநராக வந்தார். ஹோல்யோக் காகித ஆலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். ஸ்பிரிங்பீல்டிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தூரந்தான். அப்போது மோர்கனுக்கு வயது 25.

ஒரு நடைமுறைச் சிக்கல்

ஆட்டம் பிறந்த கதை மிக எளிமையானது. மோர்கனிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் இளைஞர்களும் இருந்தனர். நடுத்தர வயதைக் கடந்த வணிகர்களும் இருந்தனர். இளைஞர்களுக்குக் கூடைப்பந்து போதுமானதாக இருந்தது. பகலெல்லாம் கடையிலும் அலுவலகத்திலும் உழைத்துவிட்டு மாலையில் வருகின்ற வணிகர்களுக்கோ, ஓடி மோதி விளையாடும் அந்த ஆட்டம் ஒத்துவரவில்லை. வெறும் உடற்பயிற்சி மட்டும் கொடுத்தால் சலிப்புத் தட்டும். உடலுக்கும் வேலை கொடுத்து, மனத்துக்கும் மகிழ்ச்சி தந்து, ஒருவர் மேல் ஒருவர் மோதாத ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது.

முதலில் டென்னிஸை எண்ணிப் பார்த்தார். அதற்கு மட்டை வேண்டும், வேறு பொருள்களும் வேண்டும். ஆகவே மட்டையை விட்டுவிட்டு வலையை மட்டும் எடுத்துக்கொண்டார். அந்த வலையைச் சராசரி மனிதனின் தலைக்குச் சற்று மேலே, 6 அடி 6 அங்குல உயரத்தில் கட்டினார். பந்தாகக் கூடைப்பந்துக்குள் இருக்கும் ரப்பர்ப் பையை எடுத்து அடித்துப் பார்த்தார்கள். அது மிக மெதுவாகப் பறந்தது. கூடைப்பந்தையே அடித்துப் பார்த்தார்கள். அது கனமாக இருந்தது. எனவே ஸ்போல்டிங் நிறுவனத்தாரிடம் புதிதாக ஒரு பந்து செய்து தரும்படி கேட்டுக்கொண்டார். ரப்பர்ப் பையின் மீது தோல் போர்த்திய பந்து வந்தது. அதன் சுற்றளவு 25 முதல் 27 அங்குலம்; எடை 9 முதல் 12 அவுன்ஸ்.

இங்கே ஒரு வியப்பான செய்தியைச் சொல்ல வேண்டும். இன்றைய அனைத்துலக விதிப்படி, பந்தின் சுற்றளவு 65 முதல் 67 சென்டிமீட்டர் வரை இருக்க வேண்டும். எடை 260 முதல் 280 கிராம் வரை. மோர்கன் சொன்ன அளவைச் சென்டிமீட்டராக மாற்றினால் ஏறத்தாழ 63.5 முதல் 68.5 வரை, எடையைக் கிராமாக மாற்றினால் 255 முதல் 340 வரை. அதாவது 1895-இல் ஓர் இளம் ஆசிரியர் வகுத்த அளவுக்குள்ளேயே இன்றைய உலகக் கோப்பைப் பந்தும் அடங்கிவிடுகிறது. ஆட்டத்தில் ஏறக்குறைய மற்ற எல்லாமே மாறிவிட்டன. பந்து மட்டும் பெரிதாக மாறவில்லை.

அந்த ஆட்டத்துக்கு அவர் வைத்த பெயர் மின்டொனெட். பூப்பந்தாட்டத்தின் ஆங்கிலப் பெயரை ஒட்டி அமைந்த பெயர் அது. அவர் எழுதிய விதிகளை இன்று படித்தால் நமக்குச் சிரிப்பு வரும். ஒரு பக்கத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம். பந்தை எதிர்ப்பக்கம் அனுப்புவதற்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் தொடலாம். ஆட்டத்துக்கு ஒன்பது சுற்றுகள். திடலின் அளவு 50 அடிக்கு 25 அடி. அந்த ஆட்டத்தில் ஸ்மாஷ் என்ற பேச்சே இல்லை. வணிகர்கள் சிரித்துப் பேசியபடி ஆடிய ஆட்டம் அது.

1896: ஒரு தாள் கைமாறுகிறது

1896-ஆம் ஆண்டு ஸ்பிரிங்பீல்டில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வி இயக்குநர்களின் மாநாடு நடந்தது. அக்கல்லூரியின் உடற்கல்விப் பிரிவுக்குத் தலைவராக இருந்த டாக்டர் லூதர் குலிக், புதிய ஆட்டத்தை வந்து ஆடிக் காட்டும்படி மோர்கனை அழைத்தார். மோர்கன் ஹோல்யோக்கிலிருந்து இரண்டு குழுக்களை அழைத்துச் சென்றார். ஒவ்வொரு குழுவிலும் ஐந்து பேர். ஒரு குழுவுக்கு நகர மேயர் கரன் தலைவர். மற்றொரு குழுவுக்குத் தீயணைப்புப் படைத் தலைவர் லிஞ்ச். மேயரும் தீயணைப்புத் தலைவரும் வலையின் இருபுறமும் நின்று பந்தைத் தட்டியதைக் கற்பனை செய்து பாருங்கள்!

ஆட்டத்தைப் பார்த்த பேராசிரியர் ஆல்பிரட் ஹால்ஸ்டெட், பந்து தரையில் விழாமல் அங்குமிங்கும் பறப்பதைக் கவனித்து, வேறொரு பெயரை முன்மொழிந்தார். வாலி பால் என்பது அந்தப் பெயர். மோர்கன் வைத்த பெயர் அன்றோடு மறைந்தது. தாம் பெற்ற பிள்ளைக்குத் தாம் வைத்த பெயரை இன்னொருவர் மாற்றச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் ஒப்புக்கொள்வோம்? மோர்கன் ஒப்புக்கொண்டார்.

அவர் செய்த அடுத்த செயல்தான் என் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது. விதிகளைத் தம் கையால் எழுதிய தாள்களை அவர் மாநாட்டிடமே ஒப்படைத்தார். ஆட்டத்தை எப்படிப் பயன்படுத்தலாம், எப்படி மேம்படுத்தலாம் என்று மற்றவர்களின் ஆலோசனையைக் கேட்டார். விதிகளை ஆராயவும் ஆட்டத்தைப் பரப்பவும் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் உடற்கல்வி இதழ் ஒன்றில் இந்த ஆட்டத்தைப் பற்றிய குறிப்பு வெளிவந்தது. 1897-இல் வட அமெரிக்க ஒய்.எம்.சி.ஏ. விளையாட்டுக் கழகத்தின் அதிகாரப்பூர்வக் கையேட்டில் விதிகள் அச்சேறின.

கைப்பந்தாட்டத்தின் நிர்வாக வரலாறு அன்றுதான் தொடங்கியது என்பேன். ஒரு தனிமனிதரின் கையில் இருந்த ஆட்டம் ஒரு குழுவின் பொறுப்புக்கு மாறியது. கண்டுபிடித்தவர் ஊரில் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும் என்ற நிலை உருவானது.

கடல் கடந்த ஆட்டம்

ஒய்.எம்.சி.ஏ. அமைப்புக்கு உலகெங்கும் கிளைகள் இருந்தன. ஸ்பிரிங்பீல்டில் பயின்றவர்கள் சென்ற இடமெல்லாம் பந்தும் வலையும் உடன் சென்றன. கனடா, கியூபா, ஜப்பான், சீனா, பிலிப்பைன்ஸ் என்று 1910-க்குள்ளேயே ஆட்டம் பரவிவிட்டது. தமிழர்களுக்கும் இந்தப் பாதையில் ஓர் உறவு உண்டு. ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பள்ளிகளுக்கு விளையாட்டுகளைக் கொண்டு சென்றார்கள். மோர்கன் படித்த கல்லூரியும் சென்னைக் கல்லூரியும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

சென்ற இடத்தில் ஆட்டம் சென்றபடியே இருக்கவில்லை. 1913-இல் மணிலாவில் நடந்த தூரக்கிழக்கு விளையாட்டுப் போட்டியில் கைப்பந்து இடம்பெற்றபோது ஒரு பக்கத்தில் 16 பேர் ஆடினார்கள். பிறகு ஆசியாவில் ஒன்பது பேர் ஆடும் முறை வேரூன்றியது. பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்கள் இன்னொன்றையும் செய்தார்கள். ஒருவர் பந்தை வலையருகே உயரத் தூக்கிக் கொடுக்க, மற்றொருவர் பாய்ந்து கீழ்நோக்கி அடிக்கும் முறையை அவர்களே வளர்த்தார்கள். வணிகர்களின் மென்மையான ஆட்டம் அங்கே வேகமான ஆட்டமாக மாறியது.

அமெரிக்காவிலும் விதிகள் ஒவ்வொன்றாக மாறின. 21 புள்ளிகள் 15 ஆயின. 1918-இல் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் என்று வரையறுத்தார்கள். 1920 வாக்கில், மூன்று தொடுதலுக்குள் பந்தை அனுப்பிவிட வேண்டும் என்ற விதி வந்தது. 1919-இல் ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினர்க்கும் நேச நாட்டினர்க்கும் 16,000 பந்துகள் வழங்கப்பட்டன. 1922-இல் புரூக்ளினில் முதல் தேசிய அளவிலான ஒய்.எம்.சி.ஏ. போட்டி நடந்தது, 27 குழுக்கள் கலந்துகொண்டன. 1928-இல் அமெரிக்கக் கைப்பந்துச் சங்கம் தோன்றியது.

இவை நடந்துகொண்டிருந்தபோது மோர்கன் எங்கே இருந்தார்? அவர் ஒய்.எம்.சி.ஏ. பணியை விட்டு விலகி, ஜெனரல் எலக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் ஆகிய நிறுவனங்களில் வேலை பார்த்தார். கைப்பந்து அவருக்குச் செல்வத்தையும் தரவில்லை. வாழ்நாளில் பெரும் புகழையும் தரவில்லை. நண்பர் நைஸ்மித்துடனான நட்பை மட்டும் அவர் இறுதிவரை விடவில்லை. பிற்காலத்தில் பிறந்த ஊரான லோக்போர்ட்டுக்கே திரும்பினார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள், தமது 72-ஆவது வயதில் காலமானார்.

அவர் காணாத உலக அமைப்பு

மோர்கன் மறைந்து ஐந்து ஆண்டுகள்கூட நிறையவில்லை. போர் முடிந்த ஐரோப்பாவில், 1946-இல் பிராக் நகரில் செக்கோஸ்லோவாக்கியா, பிரான்ஸ், போலந்து ஆகிய நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, உலக அமைப்பொன்றுக்கு அடித்தளம் இட்டார்கள். 1947 ஏப்ரலில் பாரிஸ் நகரில் 14 நாடுகளின் சங்கங்கள் ஒன்றுகூடி அனைத்துலகக் கைப்பந்துச் சம்மேளனத்தை நிறுவின. அதன் முதல் தலைவர் பிரான்சு நாட்டின் போல் லிபோ. அமெரிக்காவும் பிரேசிலும் எகிப்தும் போலந்தும் ஒரே மேசையில் அமர்ந்தன. போரின் காயங்கள் ஆறாத காலம். பனிப்போர் தொடங்கிக்கொண்டிருந்த காலம். அரசியலில் எதிரெதிர் முகாம்களுக்குப் போய்க்கொண்டிருந்த நாடுகள் ஒரு வலையின் உயரத்தில் மட்டும் உடன்பட்டன.

அதன்பின் வளர்ச்சி விரைவாக இருந்தது. 1949-இல் பிராக்கில் ஆண்களுக்கான முதல் உலகப் போட்டி நடந்தது. 1952-இல் மாஸ்கோவில் பெண்களுக்கான முதல் உலகப் போட்டி. இரண்டிலும் சோவியத் யூனியனே வென்றது. 1964-இல் தோக்கியோவில் கைப்பந்து ஒலிம்பிக்கில் நுழைந்தது. ஜப்பானியப் பெண்கள் தங்கம் வென்று நாட்டையே ஆர்ப்பரிக்க வைத்தார்கள். ஒன்பது பேர் ஆட்டத்தில் ஊறிய ஆசியா, உலகப் போட்டிக்காக ஆறு பேர் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டில் இரண்டு முறைகளிலும் போட்டிகள் நடந்தன என்பது அந்த மாற்றத்தின் சாட்சி.

இந்த உலக அமைப்பு எப்படி இயங்குகிறது என்று நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊர்க்குழு மாநிலச் சங்கத்தின் கீழ் வருகிறது. மாநிலச் சங்கம் தேசியச் சங்கத்தின் கீழ் வருகிறது. தேசியச் சங்கம் அனைத்துலகச் சம்மேளனத்தில் உறுப்பியம் பெறுகிறது. 14 நாடுகளில் தொடங்கிய சம்மேளனத்தில் இன்று 220-க்கும் மேற்பட்ட தேசியச் சங்கங்கள் உள்ளன. அவை ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, வட மத்திய அமெரிக்காவும் கரீபியனும் என ஐந்து கண்டக் கூட்டமைப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மலேசியாவும் சிங்கப்பூரும் ஆசியக் கூட்டமைப்பைச் சேர்ந்தவை.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பேராளர் மாநாடே உச்ச அதிகாரம் கொண்டது. அங்கே ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு. பல உலகப் பட்டங்களை வென்ற பிரேசிலுக்கும் ஒரு வாக்குதான். ஒலிம்பிக் திடலை மிதிக்காத குட்டித் தீவுக்கும் ஒரு வாக்குதான். மாநாடு தேர்ந்தெடுக்கும் தலைவரும் நிர்வாக மன்றமும் அன்றாடப் பணிகளை நடத்துகிறார்கள். விதிகளுக்கும் நடுவர்களுக்கும் தனித்தனிக் குழுக்கள் உண்டு. ஓர் ஆட்டக்காரர் வெளிநாட்டுக் குழுவுக்கு ஆட வேண்டுமானால் மாற்றச் சான்றிதழ் வேண்டும். ஈப்போவில் ஊதப்படும் விசிலுக்கும் இத்தாலியில் ஊதப்படும் விசிலுக்கும் ஒரே பொருள் இருப்பதற்கு இந்தக் கட்டமைப்பே காரணம்.

விதிகளும் இப்படித்தான் மாறுகின்றன. பழைய முறையில் சர்வீஸ் போட்ட பக்கத்துக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். ஆட்டம் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. தொலைக்காட்சி நிலையங்களுக்கு அது பெரிய இடைஞ்சல். 1998-இல் கூடிய மாநாடு, யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி, 25 புள்ளிக்கு ஒரு செட் என்ற முறையை ஏற்றது. தற்காப்புக்கு மட்டுமே என லிபெரோ என்ற தனிநிற உடை ஆட்டக்காரர் வந்ததும் அதே காலத்தில்தான். பழைய ஆட்டக்காரர்கள் பலர் முணுமுணுத்தார்கள். எங்கள் தோட்டத்துத் திடலில்கூட மூத்த அண்ணன்மார் அதை ஓர் ஆட்டமாகவே ஏற்கவில்லை. இன்றைய பிள்ளைகளுக்கோ வேறு முறை இருந்ததே தெரியாது.

அமைப்பு என்றால் குறைகளும் இருக்கும். லிபோ 37 ஆண்டுகள் தலைவராக இருந்தார். 1984-இல் அவருக்குப் பின் வந்த மெக்சிகோவின் ரூபன் அக்கோஸ்தா 2008 வரை, 24 ஆண்டுகள் தலைமையில் இருந்தார். அவர் காலத்தில் தலைமையகம் பாரிஸிலிருந்து சுவிட்சர்லாந்தின் லொசான் நகருக்கு மாறியது, 1990-இல் உலக லீக் தொடங்கியது, 1996-இல் கடற்கரைக் கைப்பந்து ஒலிம்பிக்கில் இடம்பெற்றது, பணமும் பெருகியது. அந்தப் பணத்தை நிர்வகித்த முறை பற்றிக் கடுமையான கேள்விகளும் எழுந்தன. முதல் 61 ஆண்டுகளில் சம்மேளனத்துக்கு இரண்டே தலைவர்கள்! அதன்பின் சீனாவின் வெய் ஜிசோங், பிரேசிலின் ஆரி கிராசா ஆகியோர் பொறுப்பேற்றனர். 2024 நவம்பரில் பிரேசிலின் பாபியோ அசெவேடோ தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நாடுகளின் பூசலும் திடலுக்குள் வருவதுண்டு. 2022-இல் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தபோது, அவ்வாண்டு ரஷ்யாவில் நடக்கவிருந்த ஆண்கள் உலகப் போட்டி அங்கிருந்து அகற்றப்பட்டுப் போலந்திலும் சுலோவேனியாவிலும் நடத்தப்பட்டது. இத்தகைய முடிவை எடுப்பதற்கு ஒரு மன்றமும் ஒரு சட்டநூலும் தேவை. ஒரு தனிமனிதர் தம் பையில் வைத்திருக்கும் தாளால் அது முடியாது.

என் நீலக் கோப்பு

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது, விடுதிகளில் இருந்த தமிழ் மாணவர்களுக்காக ஒரு கைப்பந்துப் போட்டியைத் தொடங்கினேன். ஆறு குழுக்கள். குழுவுக்கு முப்பது வெள்ளி கட்டணம். விதிகளை ஒரே பக்கத்தில் நானே எழுதினேன். வலை வாங்கிய ரசீது, குழுத் தலைவர்களின் எண்கள், வரவு செலவுக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் வைத்திருந்தேன். இரண்டு ஆண்டுகள் போட்டி நன்றாக நடந்தது. என் பெயரைச் சொல்லி அது என்னுடைய போட்டி என்றே எல்லாரும் பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது.

இறுதியாண்டில் இளைய மாணவர்கள் சிலர் என்னிடம் வந்தார்கள். பெண்கள் குழுக்களையும் சேர்க்க வேண்டும், போட்டியின் பெயரை மாற்ற வேண்டும், கணக்கைச் செயலவையின் பொறுப்பில் விட வேண்டும் என்று பணிவாகவே கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. இடமில்லை, நேரமில்லை என்று காரணங்களை அடுக்கினேன். உண்மைக் காரணம் ஒன்றுதான். நான் தொடங்கியதை வேறொருவர் தொடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பருவ விடுமுறைக்கு வீடு திரும்பியபோது கோப்பையும் எடுத்துச் சென்றுவிட்டேன். திருப்பிக் கொடுக்கவில்லை. அவ்வாண்டு போட்டி நடக்கவில்லை. பட்டம் பெற்ற மகிழ்ச்சியில் அதை நான் பெரிதாக எண்ணவுமில்லை. கோப்பு அம்மாவின் அலமாரிக்கு அடியில் கிடந்தது.

பின்னாளில் ஆசிரியரானேன். பள்ளியில் கைப்பந்துக் குழுவுக்குப் பொறுப்பாசிரியராக நியமிக்கப்பட்டு, நடுவர் பயிற்சிக்குச் சென்றேன். விதிநூலைப் படிக்கத் தொடங்கியவன், அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அப்படித்தான் மோர்கன் எனக்கு அறிமுகமானார். 1896 மாநாட்டில் அவர் தாள்களை ஒப்படைத்த செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்கு அப்போது வயது 26. ஏறத்தாழ அதே வயதில்தான் நான் இருந்தேன். பெயரையும் விதியையும் மற்றவர்க்கு விட்டுக்கொடுத்தவரின் ஆட்டம் உலகெங்கும் நடக்கிறது. எதையும் விட்டுக்கொடுக்காத என் ஆட்டம் ஓர் அலமாரிக்கு அடியில் கிடக்கிறது.

மறுவாரமே கோப்பைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத் தயாராகத்தான் போனேன். ஆனால் அங்கே திடலில் போட்டி நடந்துகொண்டிருந்தது. என் கோப்பு இல்லாமலேயே இளையவர்கள் புதிதாக விதிகளை எழுதி, வேறு பெயரில் மீண்டும் தொடங்கியிருந்தார்கள். நான் சென்ற நாளில் பெண்கள் பிரிவின் இறுதியாட்டம். என்னை யாருக்கும் தெரியவில்லை. செயலவைத் தங்கை ஒருவர் கோப்பை மரியாதையாக வாங்கிக்கொண்டார். பழைய ரசீதுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அண்ணன் குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். கொடுத்த மைலோவைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஆட்டத்தைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அதோடு சேர்ந்து ஒரு நிம்மதியும் இருந்தது.

நிறைவாக

மோர்கனுக்கு உரிய சிறப்பு அவர் மறைந்த பின்னரே வந்தது. அவர் பணியாற்றிய ஹோல்யோக் நகரில் கைப்பந்துப் புகழ்மண்டபம் அமைக்கப்பட்டது. 1985-இல் அதில் முதலாவதாக இடம்பெற்றவர் அவரே. 2025-இல் ஆண்களுக்கான உலகப் போட்டி பிலிப்பைன்ஸ் நாட்டிலும், பெண்களுக்கான உலகப் போட்டி தாய்லாந்திலும் நடந்தன. ஒவ்வொன்றிலும் 32 நாடுகள் பங்கேற்றன. இரண்டு பட்டங்களையும் இத்தாலி வென்றது. மணிலாவில் நடந்த ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நூறாண்டுகளுக்கு முன் அந்த ஊர்க்காரர்கள்தாமே இந்த ஆட்டத்துக்குப் பாய்ச்சலைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், 2.43 மீட்டர் உயர வலை, மின்னல் வேக அடி. மோர்கன் உயிரோடு வந்தாலும் அது தம்முடைய ஆட்டமென அடையாளம் காணச் சற்று நேரம் பிடித்திருக்கும். பந்தைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் கண்டுகொண்டிருப்பார்.

தம்பி தங்கைகளே, நம் கழகத்தில் நீங்களும் ஏதேனும் ஒன்றைத் தொடங்குவீர்கள். நாடகவிழாவோ, பேச்சுப் போட்டியோ, இந்த ஆண்டு மலரைப் போன்ற ஒன்றோ, எதுவாகவும் இருக்கலாம். தொடங்குங்கள். முழுமூச்சாக உழையுங்கள். விதிகளைத் தெளிவாக எழுதிவையுங்கள். கணக்கைச் சரியாக வையுங்கள். படிப்பு முடிந்து புறப்படும்போது கோப்பை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அவர்கள் பெயரை மாற்றலாம், விதியைத் திருத்தலாம். மாற்றட்டும். பந்து தரையில் விழாமல் இருக்கிறதா என்று மட்டும் தூரத்தில் நின்று பாருங்கள்.